இரண்டு "இல்லை"

என் அக்காவுக்கு ஒரே மகன். சென்னையில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் உத்தியோகம் பார்க்கிறான். சென்ற வருஷம் மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டுக்கு வந்தான். சாதாரணமாக வருகிறவன் வாசலிலேயே "அத்தை, என்ன டிபன்?" என்று கேட்டுக்கொண்டு நேரே அடுக்களைக்குள் போய்விடுவான். அன்று அப்படிப் போகவில்லை. என் அறைக்கு வந்து, கதவைச் சற்றே சாத்திவிட்டு, ஒரு காகித உறையை மேஜைமேல் வைத்தான்.

"மாமா, ஜூன்ல சுவிட்சர்லாந்து போறேன். நாங்க நாலு பேரு. பத்து நாள்."

"ரொம்ப சந்தோஷம். அக்கா சொன்னாள்."

"அம்மாவுக்குத் தெரியாதது ஒண்ணு இருக்கு. அங்கே ஹெலிகாப்டர்ல மேலே போய்க் குதிக்கப் போறோம். பாராசூட்டோடதான். அம்மாகிட்டே சொல்லிடாதீங்க. இதிலே பாஸ்போர்ட் காப்பி, டிக்கெட், இன்ஷூரன்ஸ் எல்லாம் இருக்கு. உங்ககிட்டே ஒரு செட் இருக்கட்டும்."

"எதுக்கு?"

"சும்மாத்தான் மாமா."

சும்மா ஒருவன் தன் பாஸ்போர்ட் நகலைத் தாய்மாமன் கையில் கொடுத்துவைக்க மாட்டான் என்பது எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அவன் டிபன் சாப்பிடப் போனான். நான் உறையைப் பிரித்தேன்.

அச்சில் எது இருந்தாலும் படித்துவிடுவது என் பழக்கம். பொட்டலம் கட்டி வந்த காகிதத்தைக்கூட விடமாட்டேன். கல்லூரியைப் பாதியில் விட்டவனுக்கு அதுதான் சர்வகலாசாலை. ஆகவே பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் ஒதுக்கிவிட்டு, எறும்பு ஊர்ந்தாற்போல் எழுத்துக்கள் நிறைந்த அந்த இன்ஷூரன்ஸ் பாலிஸியை எடுத்துக்கொண்டு ஜன்னலோரமாக உட்கார்ந்தேன்.

சுவிட்சர்லாந்தும் அதைச் சுற்றியுள்ள பல ஐரோப்பிய நாடுகளும் நம்மவர்களுக்கு விஸா தருவதற்கு முன்னால் ஒரு நிபந்தனை போடுகின்றன. வருகிறவன் அங்கே நோயில் விழுந்தாலோ, அடிபட்டாலோ, செத்தே போனாலோ, வைத்தியச் செலவுக்கும் ஊர் கொண்டு சேர்க்கும் செலவுக்கும் குறைந்தது 30,000 யூரோவுக்கு அவன் இன்ஷூரன்ஸ் எடுத்திருக்க வேண்டும். விருந்தாளி வரலாம், அவனுடைய பாரம் வீட்டுக்காரன் தலையில் விழக்கூடாது என்று அர்த்தம். நியாயமான நிபந்தனைதான். என் மருமகனும் எடுத்திருந்தான். தொகை போதுமான அளவுக்கு இருந்தது.

ஆனால் பாலிஸியின் நடுப்பகுதியில், எதற்கெல்லாம் பணம் கிடையாது என்று ஒரு பட்டியல் இருந்தது. குடித்துவிட்டு விழுந்தால் கிடையாது. தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டால் கிடையாது. யுத்தத்தில் சிக்கினால் கிடையாது. அந்த வரிசையில், ஆபத்தான விளையாட்டுகள் என்று ஒரு தலைப்பு. அதற்குக் கீழே மலையேறுதல், கயிற்றைக் கட்டிக்கொண்டு பாலத்திலிருந்து குதித்தல், பாராசூட்டில் குதித்தல். கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்த்துக்கொண்டால் ஒழிய இவற்றுக்கு ஒரு பைசா கிடையாது என்று எழுதியிருந்தது.

கடைசிப் பக்கத்தில் அவன் பூர்த்தி செய்த விண்ணப்பத்தின் நகல். "பயணத்தின்போது சாகச விளையாட்டு எதிலாவது ஈடுபடப் போகிறீர்களா?" என்று ஒரு கேள்வி. பக்கத்தில் அவன் குறித்திருந்த பதில்: "இல்லை."

தோசை சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தவனிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினேன்.

"கேட்டிருக்கிறார்களே. ஏன் இல்லை என்று போட்டாய்?"

"எல்லாரும் அப்படித்தான் மாமா போடுவாங்க. ஒண்ணும் ஆகாது. நம்ம நெஞ்சோட ஒரு இன்ஸ்ட்ரக்டர் சேர்த்துக் கட்டிக்குவாரு. அவருதான் எல்லாம் பாத்துக்குவாரு. நாம சும்மா கூட விழணும், அவ்வளவுதான்."

அவன் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை. இப்போதெல்லாம் முதன்முதலாகக் குதிக்கிறவனைத் தனியே தள்ளிவிடுவதில்லை. தேர்ந்தவர் ஒருவர் அவனைத் தம் மார்போடு வார்களால் பிணைத்துக்கொண்டு குதிக்கிறார். துன், பிரியன்ஸ் என்ற இரண்டு ஏரிகளுக்கு நடுவே இருக்கிற ஊர் இன்டர்லாக்கன். அதற்கு மேலே ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்திலிருந்து குதிக்கிறார்கள். முக்கால் நிமிஷம் வெறும் வீழ்ச்சி. மணிக்கு 200 கிலோமீட்டர் வேகம். பிறகு பாராசூட் விரிகிறது. அது விரியாவிட்டால் இன்னொன்று இருக்கிறது. குதித்தவர் நினைவிழந்துவிட்டாலும் குறித்த உயரத்தில் தானே அந்த இரண்டாவதைத் திறந்துவிடும் கருவி ஒன்றும் முதுகுப் பையில் இருக்கிறது.

அமெரிக்காவில் 1961-இல் இந்த விளையாட்டின் மரணக் கணக்கை எழுதத் தொடங்கிய வருஷத்தில் 14 பேர் செத்தார்கள். 2023-இல் அங்கே 36 லட்சத்து 50 ஆயிரம் தடவை குதித்ததில் 10 பேர். மூன்றரை லட்சம் குதிப்புக்கு ஒரு சாவு. நம் நாட்டிலோ 2022-இல் மட்டும் சாலை விபத்தில் செத்தவர்கள் 1,68,491 பேர்; நாள் ஒன்றுக்கு 460-க்கு மேல். கணக்கை வைத்துப் பார்த்தால், என் மருமகன் தினந்தோறும் மோட்டார் சைக்கிளில் ஆபீஸ் போவதைப் பற்றித்தான் நான் கவலைப்பட வேண்டும்.

இதை நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவன் வாயிலிருந்து வந்துவிட்டது.

"அப்பா ஸ்கூட்டர்ல காய்கறி வாங்கப் போனாரு மாமா. அவரை யாராவது கேட்டாங்களா, ஆபத்தான காரியம் ஏதாவது செய்யப் போறீங்களான்னு? செத்தா நான்தானே சாகப் போறேன். இதிலே கம்பெனிக்கு என்ன, அம்மாவுக்கு என்ன?"

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அத்தான் இறந்தபோது இவனுக்கு ஒன்பது வயது. திண்டுக்கல் ஆஸ்பத்திரி வராந்தாவில் என் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றவன்.

அவன் போன பிறகு பல நாள் அந்தக் கேள்வி என்னைச் சுற்றி வந்தது. "செத்தால் நான்தானே சாகப் போகிறேன்." இதைவிட நியாயமாகத் தோன்றுகிற வாக்கியம் ஒன்று உண்டா? என் உடம்பு; என் உயிர்; என் காசு. பிறனை அடிக்கவில்லை, பிறன் பொருளைத் தொடவில்லை. நான் ஆகாயத்திலிருந்து குதித்தால் யாருக்கு என்ன? இளமை இந்தக் கேள்வியைக் கேட்டே தீரும். கேட்காத இளமையும் எனக்குப் பிடிக்காது. மனிதன் பத்திரத்தையே பெரிதாக எண்ணியிருந்தால் முதல் கட்டுமரம் கரையை விட்டுப் போயிருக்காது. ஆகவே, குதிப்பது சரியா தவறா என்று நான் கேட்கவில்லை. குதிக்கட்டும். நான் கேட்பது வேறு. "இல்லை" என்று எழுதினானே, அதைப் பற்றி.

இன்ஷூரன்ஸ் என்றால் ஒரு பெரிய கட்டடமும், அதற்குள் குளிர்ந்த அறையும், அங்கே பணம் வைத்துக்கொண்டு கொடுக்க மறுக்கிற சிலரும் என்றுதான் நாம் நினைக்கிறோம். அது உண்மையல்ல. வால்நட்சத்திரத்துக்குப் பெயர் கொடுத்த எட்மண்ட் ஹாலி என்ற வானநூலார், 1693-இல் பிரெஸ்லா என்ற நகரத்தின் பிறப்பு இறப்புப் பதிவுகளை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு பட்டியல் போட்டார். இன்ன வயதுக்காரர்களில் இத்தனை பேர் அடுத்த வருஷத்தைக் காண்பார்கள் என்று சொல்லுகிற பட்டியல். இன்னான் எப்போது சாவான் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் ஆயிரம் பேரில் எத்தனை பேர் என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம். அந்தப் பட்டியலின் மேல் எழுந்ததுதான் ஆயுள் இன்ஷூரன்ஸ். ஆயிரம் பேர் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஓர் உண்டியல் வைக்கிறார்கள். எந்த வீட்டில் இழவு விழுகிறதோ அந்த வீட்டுக்கு உண்டியல் போகிறது. கட்டடமும் குளிர்ந்த அறையும் அந்த உண்டியலுக்குக் காவல், அவ்வளவுதான். காவல்காரன் சில சமயம் யோக்கியனாக இல்லாமல் போகலாம். உண்டியல் பொதுச்சொத்து என்பது அதனால் மாறிவிடாது.

எனக்கு இது புத்தகத்தில் படித்துத் தெரிந்ததல்ல. அத்தான் மாதாமாதம் தவறாமல் ஆயுள் இன்ஷூரன்ஸ் கட்டி வந்தார். அவர் இறந்த மூன்றாம் மாதம் பணம் வந்தது. எல்.ஐ.ஸி. ஆபீஸில் கையெழுத்துப் போட அக்காவை நான்தான் அழைத்துக்கொண்டு போனேன். அவள் பேனாவைப் பிடித்த பிடியும், கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு நிமிஷம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்ததும் எனக்கு இன்றும் மறக்கவில்லை. அந்தப் பணத்தில்தான் இவன் படித்தான். அத்தான் கட்டியது கொஞ்சம். வந்தது அதைப்போல் பல மடங்கு. மிச்சப் பணம் யாருடையது? கோயம்புத்தூரிலோ நாகபட்டினத்திலோ, எங்கள் முகத்தை ஒரு நாளும் பார்த்திராத ஒரு பள்ளிக்கூட வாத்தியாருடையது, ஒரு ரயில்வே குமாஸ்தாவுடையது, தையற்கடைக்காரனுடையது. அவர்கள் வீட்டில் அந்த வருஷம் ஒன்றும் நேரவில்லை. எங்கள் வீட்டில் நேர்ந்தது. ஆகவே அவர்கள் எங்கள் பையனைப் படிக்க வைத்தார்கள்.

அத்தானிடம் யாரும் ஸ்கூட்டரைப் பற்றிக் கேட்கவில்லை என்றான் மருமகன். உண்மை. ஏன் கேட்கவில்லை? தெருவில் போகிற ஆபத்து அந்த உண்டியலில் போட்ட எல்லாருக்கும் உள்ளது. எல்லாரும் அதற்குச் சேர்த்தே போட்டிருக்கிறார்கள். ஆகாயத்திலிருந்து குதிக்கிற ஆபத்து அப்படியல்ல. அது சிலருக்கு மட்டும் உள்ள ஆசை. அந்தச் சிலர் தங்களுக்குள் ஓர் உண்டியல் வைத்துக்கொண்டு, அதில் கூடக் கொஞ்சம் போடட்டும் என்பதுதான் ஏற்பாடு. கம்பெனி கேட்ட கேள்வியில் கண்டனம் கிடையாது. "குதிக்காதே" என்று அது சொல்லவில்லை. "குதிப்பதானால் சொல்லிவிட்டுக் குதி" என்கிறது. கூடுதலாகக் கட்ட வேண்டியிருந்ததும் சில நூறு ரூபாய்தான்.

இதில் நாடுகளுக்கு நாடு மனப்போக்கு மாறுகிறது. நியூஸிலாந்தில் 1974 முதல் ஓர் ஏற்பாடு இருக்கிறது. விபத்தில் அடிபட்டவன் யாராயிருந்தாலும், யார்மேல் தப்பு என்று கேட்காமல், பொதுப் பணத்திலிருந்து வைத்தியத்துக்கு உதவுகிறார்கள். சுற்றிப் பார்க்க வந்த அந்நியனுக்கும் அங்கே அடிபட்டால் சிகிச்சைக்கு அந்த உதவி உண்டு. ஆசைப்பட்டுக் குதித்துக் காலை முறித்துக்கொண்டவனையும் விலக்குவதில்லை. அதற்குப் பதிலாக, அடிபட்டவர்கள் ஒருவர்மேல் ஒருவர் நஷ்டஈட்டு வழக்குப் போடும் உரிமையை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள்.

என் மருமகன் போன சுவிட்சர்லாந்தில் வேறு மாதிரி. அங்கே சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்களுக்கு விபத்து இன்ஷூரன்ஸ் கட்டாயம். தெரிந்தே மிதமிஞ்சிய ஆபத்தை வலிய மேற்கொண்டால், ரொக்கமாகத் தருகிற உதவித் தொகையைப் பாதியாகக் குறைத்துவிடுகிறார்கள். இன்டர்லாக்கனுக்குப் பக்கத்தில் லாட்டர்புரூன்னன் என்று ஒரு பள்ளத்தாக்கு. அங்கே செங்குத்தான பாறை விளிம்பிலிருந்தே பாராசூட்டோடு குதிக்கிறவர்கள் உண்டு. அந்தக் குதிப்பு இந்த மிதமிஞ்சிய வகையில் சேர்ந்தது. ஆனால் வைத்தியச் செலவில் கை வைப்பதில்லை. பாதியாகிறது பணந்தான், கட்டுப்போடுவதில் பாதி கிடையாது. அந்தச் சட்டத்தில் இன்னொரு வரியும் இருக்கிறது. பிறர் உயிரைக் காப்பாற்றப் போய் அதே அளவு ஆபத்தில் ஒருவன் இறங்கினால், அது மிதமிஞ்சிய ஆபத்தே ஆனாலும், அவனுக்கு இன்ஷூரன்ஸ் உண்டு. இதைப் படித்தபோது, சட்டப் புத்தகத்துக்குள்ளும் நெஞ்சு இருக்கத்தான் செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த மலைகளில் விழுந்தவனைத் தூக்கிவர ரேகா என்ற விமான மீட்பு ஸ்தாபனம் 1952 முதல் இயங்குகிறது. அதை நடத்துவதில் பெரும்பங்கு ஜனங்கள் வருஷாவருஷம் அனுப்பும் நன்கொடை. 30 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் அனுப்புகிறார்கள். அவர்களில் பலர் வாழ்நாளில் ஒரு பாறையின் விளிம்புக்குப் போயிருக்க மாட்டார்கள்.

ஆக, "செத்தால் நான்தானே" என்கிறவன் தன்னந்தனியாகக் குதிக்கவில்லை. கீழே அவன் கண்ணுக்குத் தெரியாமல் எத்தனையோ பேர் ஒரு ஜமுக்காளத்தின் நுனிகளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அவர்கள் நிற்பதில் அவனுக்குக் கூச்சம் வேண்டாம். மனிதர்கள் கூடி வாழ்வதே அதற்குத்தான். அவர்களிடம் பொய் மட்டும் சொல்லக்கூடாது.

கம்பெனிக்காரர்கள் மட்டும் யோக்கியர்களா என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். பூதக்கண்ணாடி வைத்துப் படிக்க வேண்டிய எழுத்தில் நிபந்தனைகளை அச்சடிப்பதும் ஒருவகை மறைப்புதானே? இங்கே ஒரு பழைய வழக்கைச் சொல்ல வேண்டும். சுமத்ராத் தீவில் ஆங்கிலேயருக்கு மார்ல்பரோ என்று ஒரு கோட்டை இருந்தது. அதன் கவர்னர் கார்ட்டர் என்பவர், அந்நியப் பகைவர் கோட்டையைப் பிடித்துவிட்டால் ஏற்படும் நஷ்டத்துக்கு லண்டனில் இன்ஷூரன்ஸ் எடுத்து வைத்தார். 1760-இல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தே விட்டார்கள். "கோட்டை பலவீனமானது என்பதைச் சொல்லாமல் மறைத்தார்" என்று எதிர்த்தரப்பு பணம் தர மறுத்தது. 1766-இல் லார்டு மான்ஸ்ஃபீல்டு தீர்ப்புச் சொன்னார். இன்ஷூரன்ஸ் என்பது நல்லெண்ணத்தின்மேல் நிற்கிற ஒப்பந்தம். தனக்கு மட்டும் தெரிந்த விஷயத்தை ஒருவன் மறைத்து இன்னொருவனை அதில் இழுத்துவிடக் கூடாது. அந்தக் கடமை இரண்டு பக்கத்துக்கும் உண்டு. பிற்காலத்துச் சட்டமெல்லாம் இந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டுகிறது. ஆனால் அந்த வழக்கில் ஜெயித்தவர் கவர்னர்தான்! ஊரறிந்த அபாயத்தை விசாரிக்காமல் பிரீமியத்தை வாங்கிப் போட்டுக்கொண்டு, பிறகு எனக்குத் தெரியாது என்று சொல்லக்கூடாது என்று முடிந்தது.

சொல்ல வேண்டியவன் சொல்ல வேண்டும். கேட்க வேண்டியவன் கேட்க வேண்டும். என் மருமகன் விஷயத்தில் கம்பெனி கேட்டிருந்தது. அவன்தான் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனை வரச் சொன்னேன். இவ்வளவையும் பிரசங்கமாகச் செய்யவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

"காசுக்காகவா இல்லை என்று போட்டாய்?"

சிறிது நேரம் சும்மா இருந்தான். பிறகு, "காசுக்காக இல்லே மாமா. ஆமான்னு போட்டா ஏதோ நடந்துடும்னு தோணிச்சு. இல்லேன்னு போட்டப்புறம் மனசு லேசாயிருந்துச்சு" என்றான்.

கம்ப்யூட்டர் படித்த பிள்ளை. நாலாயிரம் மீட்டர் உயரத்திலிருந்து குதிக்கத் துணிந்த பிள்ளை. "ஆம்" என்ற ஈரெழுத்துச் சொல்லுக்குப் பயந்திருக்கிறான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் இரண்டு பேரிடம் "இல்லை" சொல்லியிருந்தான். ஒன்று கம்பெனியிடம். மற்றொன்று, "ஆபத்தான எடத்துக்கெல்லாம் போவலேல்லப்பா?" என்று கேட்ட தாயிடம். இரண்டும் ஒரே "இல்லை"தான். அம்மா பயப்படுவாள், அவளுக்கு ஏன் வீண் கவலை என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். அதற்குக் கருணை என்று பெயரும் வைக்கிறோம். கொஞ்சம் கிளறிப் பார்த்தால், அவள் முகத்தில் நம் பயத்தைப் பார்க்க நமக்குத் தைரியம் இல்லை என்பதே அடியில் இருக்கிறது.

இதை நான் எங்கிருந்து தெரிந்துகொண்டேன் என்றும் சொல்லிவிடுகிறேன். முப்பத்தொன்றாவது வயதில் நான் ஒரு மில்லில் கணக்கு எழுதுகிற வேலையை ராஜிநாமாச் செய்தேன். முழு நேரமும் எழுதுவதென்று தீர்மானம். கையில் அப்போது ஒரு குழந்தை. ஆறு மாதத்துக்குக்கூடச் சேமிப்பு இல்லை. மனைவியிடம் சொல்லவில்லை. மூன்று வாரம் தினமும் காலையில் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு புறப்பட்டு, ஒரு நூல் நிலையத்தில் உட்கார்ந்து எழுதிவிட்டு மாலையில் திரும்பினேன். அவளுக்கு வீண் கவலை எதற்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் துணிச்சலைப் பற்றி எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

இருபத்திரண்டாம் நாள், முதல் தேதி. சம்பளம் எங்கே என்ற இடத்தில் விஷயம் வெளிவந்தது. அவள் சத்தம் போடவில்லை. அதற்குப் பின் எட்டு வருஷம் அவளுடைய பள்ளிக்கூடச் சம்பளத்தில் வீடு நடந்தது. என் புத்தகங்கள் விலைபோகத் தொடங்கியது அப்புறந்தான். நான் துணிந்து குதித்தவன் என்று கூட்டங்களில் அறிமுகம் செய்கிறார்கள். குதித்தது நான்தான், விழாமல் பிடித்துக்கொண்டிருந்தது இன்னொருத்தி. அன்று இரவு அவள் சொன்ன ஒரு வார்த்தை மட்டும் என் மனசை விட்டுப் போகவில்லை.

"முன்னாடியே சொல்லியிருந்தா, நானும் உங்களோட சேர்ந்து துணிஞ்சிருப்பேன். இப்போ என்னை ஏமாத்திட்டு நீங்க மட்டும் துணிஞ்சிட்டீங்க."

பத்து வருஷத்துக்கு மேல் யோசித்தும் இதற்கு மேலான ஒரு விளக்கத்தை நான் கண்டுபிடிக்கவில்லை. நாம் விழுந்தால் அந்தப் பாரத்தைச் சுமக்கப் போகிறவர்களிடம் முன்கூட்டிச் சொல்லிவிட்டால், அவர்கள் நம் துணிவில் பங்காளிகள் ஆகிறார்கள். சொல்லாவிட்டால் அவர்கள் நம் துணிவுக்குப் பலியாகிறார்கள். சுமை இரண்டு வழியிலும் அதேதான். வருத்தமும் அதேதான். ஆனால் ஒன்றில் அவர்களை மனிதர்களாக மதித்திருக்கிறோம். மற்றொன்றில், விழுந்தால் மெத்தென்று இருக்கட்டும் என்று போட்டு வைத்த வைக்கோலாக வைத்திருக்கிறோம்.

"சொன்னால் தடுத்துவிடுவார்களே!" என்பீர்கள். தடுக்கலாம். தடுப்பதற்கு அவர்களுக்கு வாய் உண்டு. மீறுவதற்கு நமக்கு வயது உண்டு. மீறிப் போனாலும் அவர்கள் கண்முன்னால் போகிறோம். முதுகுக்குப் பின்னால் அல்ல.

இதை மருமகனிடம் சொன்னபோது, அவனுடைய அத்தை கதவருகில் காப்பியோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் ஒன்றும் பேசவில்லை. காப்பியை வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவன் என்னையும் பார்த்தான், கதவையும் பார்த்தான். பிறகு செல்போனை எடுத்துக் கம்பெனிக்குப் பேசினான். பாலிஸியைத் திருத்திக் கொடுத்தார்கள். கேள்விக்குப் பக்கத்தில் "ஆம்" ஆயிற்று. கூடுதல் பிரீமியம் கட்டினான். குதிக்கிற அன்றும் அங்கே ஒரு தாளில், தெரிந்தே குதிக்கிறேன் என்று கையெழுத்து வாங்குவார்களாம். அதையும் படித்துவிட்டுப் போடு என்றேன்.

மற்றொரு "இல்லை" பாக்கி இருந்தது. அதற்கு அவன் இரண்டு நாள் எடுத்துக்கொண்டான். திண்டுக்கல்லுக்கே நேரில் போய்ச் சொன்னான். அக்கா வெகு நேரம் பேசாமல் இருந்தாளாம். அழுவாள் என்று எதிர்பார்த்திருக்கிறான். அழவில்லை. கடைசியில், "என்னைக்கு? எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேட்டாளாம்.

"வெள்ளிக்கிழமை காலையில பத்தரைக்கும்மா. நம்ம ஊர்ல அப்போ ரெண்டு மணி இருக்கும்."

"சரி. எறங்கினதும் பேசு."

பிறகு இன்னொன்று கேட்டிருக்கிறாள். "அந்த இன்ஷூரன்ஸ்ல யார் பேரு போட்டிருக்கே?"

"உன் பேருதாம்மா."

"என் பேரு வேண்டாம். மாமா பேரைப் போடு. அந்தப் பணத்தை ஒரு தடவை கையெழுத்துப் போட்டு வாங்கிட்டேன். இன்னொரு தடவை என்னால ஆகாது."

அவன் இதை எனக்குப் போனில் சொன்னபோது அவனுடைய குரல் ஒரு மாதிரியாக இருந்தது. "இதுக்கு முன்னாடி அம்மா அதைப் பத்திப் பேசினதே இல்லே மாமா" என்றான். பதினேழு வருஷமாகத் தாயும் மகனும் பேசாத ஒன்று, அவன் "ஆம்" என்று சொன்னதால் பேச்சுக்கு வந்தது. "செத்தா நான்தானே சாகப் போறேன்" என்று அதற்குப் பிறகு அவன் சொல்லவில்லை. போகவேண்டாம் என்று அவளும் சொல்லவில்லை.

பாலிஸியில் வாரிசு என்ற கட்டத்தில் என் பெயர் ஏறியது. இதுவரை என் பெயர் அச்சில் வந்த இடங்களில் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத இடம் அதுதான். ஆயினும் வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் திண்டுக்கல்லில் இருந்தேன். அக்கா சமைத்து மூடி வைத்திருந்தாள்; சாப்பிடவில்லை. நானும் சாப்பிடவில்லை. இரண்டு மணி ஆயிற்று. இரண்டேகால் ஆயிற்று. அவள் ஒரு தரமும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. முறத்தில் அரிசியைப் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கடை அரிசியில் இப்போது ஏது கல்? இரண்டரை மணிக்கு டெலிபோன் மணி அடித்தது.

அவள் எடுத்து, "சாப்பிட்டியா?" என்றாள்.